எதைப் போட்டாலும் அறுபத்தெட்டு

1. பைண்ட் போட்ட நோட்ஸ்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, சென்டர் ஹெட் சுதர்சன் என் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார். ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்திருந்தது.

"இதான் மேடம் சி லாங்வேஜ் நோட்ஸ். இதுல இருக்கறத அப்படியே போர்டுல எழுதிப் போடுங்க, அவங்க காப்பி பண்ணிப்பாங்க. லூப்புக்கு ரெண்டு கிளாஸ். அதுக்கு மேல இழுக்காதீங்க. யாராவது டவுட் கேட்டா, லேப்ல பாத்துக்கலாம்னு சொல்லிடுங்க."

"லேப்ல யார் சார் இருப்பாங்க?"

"லேப்ல மெஷின் இருக்கு" என்றார்.

அன்றைக்கே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் பனகல் பார்க்கைச் சுற்றி எந்த மாடிப்படி ஏறினாலும் மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. எங்களுடையது ஒரு பாத்திரக்கடைக்கு மேலே. அதற்கு முன் நான் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்கால வகுப்பில் டிப்ளமா முடித்துவிட்டு, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன். மயிலாப்பூர் குளத்திலிருந்து 12பி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன்.

அந்த நோட்ஸைப் பற்றி இப்போது பாடம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் கீழே ‘அவுட்புட்’ என்று ஒரு பெட்டி போட்டிருக்கும். திரையில் என்ன வரும் என்பது அதில் அச்சடித்திருக்கும். மாணவர்கள் புரோகிராமை மனப்பாடம் செய்வார்கள், பெட்டியையும் சேர்த்து மனப்பாடம் செய்வார்கள். பெட்டியில் யாரோ இருபது, முப்பது, நாற்பது என்று டைப் செய்ததாக இருந்தால், பரீட்சைத் தாளிலும் அதே இருபது, முப்பது, நாற்பதுதான். மெஷின் முன்னால் உட்காரும் ஆள் வேறு எதையாவது டைப் செய்யக்கூடும் என்று அந்தச் சென்டரில் யாரும் யோசித்ததில்லை. நானும் இரண்டு வருடம் அதையேதான் போர்டில் எழுதிப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிப் போட்டேன் என்பதற்காக அது நல்ல பாடம் ஆகிவிடாது.

2. மத்தியான பேட்ச்

மூன்றாவது வருடம், பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் நின்றுபோன இருபது பெண்களை ஒரு டிரஸ்ட் எங்களிடம் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. பாதிக்கு மேல் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். சுதர்சன் அவர்களுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஒதுக்கினார். லேபில் நாலு மெஷின், அதில் ஒன்று எப்போதும் பழுது. இந்தப் பேட்சுக்கு லேப் நேரம் மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதி. இவர்கள் வரும் நேரத்தில் ஏசியை வேறு நிறுத்தச் சொல்லியிருந்தார்.

கேபினுக்குப் போய்க் கேட்டேன்.

"அவங்க வீட்ல ஏசியா மேடம் இருக்கு? பழகினதுதான். டிரஸ்ட்டுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும், குடுத்துடுவோம். அவங்களுக்கு இது போதும்."

அவங்களுக்கு இது போதும். இந்த மூன்று வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் காது மடல் சுட்டது. ஒவ்வொரு தடவையும் சரி சார் என்று திரும்பி வந்தேன்.

அந்தப் பேட்சில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகிக்கு இருபத்திரண்டு வயது. கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலை ஷிப்டில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகளைக் கட்டுக் கட்டாக அவள் மேஜையில் கொண்டுவந்து போடுவார்கள். காலர், பட்டன், தையல் பார்த்து, சரியான பீஸை ஒரு பக்கமும் தப்பான பீஸை இன்னொரு பக்கமும் போட வேண்டும். ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து நேராக வகுப்புக்கு வருவாள்.

ஜெயந்தி மயிலாப்பூர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டினார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பாள். ஆனால் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவாள்.

3. ஒரே சட்டை

லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. நோட்ஸில் இருந்த லூப் புரோகிராம் மிகவும் சாதாரணமானது. மார்க்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். மைனஸ் ஒன்று என்று போட்டால் கேட்பதை நிறுத்திவிட்டு, அதுவரை வாங்கியதன் சராசரியைச் சொல்ல வேண்டும். எல்லோரும் காப்பி செய்தார்கள். தேவகி மட்டும் நோட்டை மூடி வைத்துவிட்டு, தானாக எழுதி, மெஷினில் அடித்து ஓட்டிப் பார்த்தாள். முதல் மார்க்கைக் கேட்டது. நாற்பத்தைந்து போட்டாள். அதோடு சரி. கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது.

"இன்னா மிஸ் இது? ஒரு தபா கேட்டுச்சு. அப்பால ஒண்ணியும் கேக்கல. சும்மா நின்னுக்கினு கீது."

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. மார்க் வாங்கும் வரியை லூப்புக்கு வெளியே மட்டும் எழுதியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் மெஷினுக்காகக் காத்திருந்தார்கள். "நோட்ஸைப் பாரு, அதுல இருக்கற மாதிரி போடு" என்றேன்.

"நோட்ஸ்ல கரீட்டாத்தான் கீது மிஸ். என்னுது ஏன் தப்புன்னு கேக்கறேன்."

சுரீர் என்றது. பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் தினமும் வகுப்புக்குப் போனேன். இங்கே ஒருத்தி கேட்கிறாள், நான் நோட்ஸைப் பார் என்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கம்பெனில உன் மேஜைக்குச் சட்டை எப்படி வரும்?"

"கட்டா வரும். எத்தினின்னு தெரியாது. தீர்ற வரிக்கும் ஒண்ணொண்ணா எடுக்கணும்."

"உன் புரோகிராம்ல ரெண்டாவது சட்டைய எந்த வரியில எடுக்கறே? காட்டு."

திரையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டே கீழே வரை போனாள். மறுபடி மேலே வந்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எடுக்கவே இல்ல மிஸ். ஒரே சட்டைய கைல வெச்சிக்கினு அதையே பாத்துக்கினு கீது. அதான் தீர மாட்டேங்குது."

மார்க் வாங்கும் வரியை லூப்புக்குள்ளே கடைசியில் இன்னொரு தடவை எழுதினாள். ஓடியது. பின்னால் நின்றவர்கள், "எனக்கும் சொல்லுடி" என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மறுநாளிலிருந்து நோட்ஸை நான் வகுப்புக்கு எடுத்துப்போகவில்லை. எல்லோரையும் தாங்களாகவே எழுதச் சொன்னேன். இரண்டு வகுப்பில் முடிக்க வேண்டிய லூப் ஒன்பது வகுப்பு ஆயிற்று.

சுதர்சன் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே சத்தமாகக் கேட்டார். "லூப்பையே லூப்ல போட்டுட்டீங்களா மேடம்?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. ரிசப்ஷன் பெண்கூடச் சிரித்தாள்.

4. பத்து நிமிட வேலை

நாலாவது மாதம், பெண்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வருவதாக டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வந்தது. திருப்தியாக இருந்தால் அடுத்த பேட்சுகளும் எங்களுக்கே. சுதர்சன் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு மெஷின், மூணு பொண்ணுங்க. அஞ்சு மார்க் டைப் பண்ணணும், சராசரி வரணும். அவ்வளவுதான் டெமோ."

"அவங்களே எழுதின புரோகிராம் இருக்கு சார். அதையே காட்டலாம்."

"அதெல்லாம் ரிஸ்க். பதட்டத்துல கண்டதையும் அடிப்பாங்க. நீங்களே ஒண்ணு எழுதுங்க. எதை அடிச்சாலும் வாங்கிக்கணும், அஞ்சு தடவை கேக்கணும், கடைசில ஒரு நல்ல நம்பர் வரணும். அறுபத்தெட்டுன்னு வெச்சுக்கோங்க. பக்கத்துல நின்னு யார் கூட்டிப் பாக்கப் போறாங்க?"

"அது பொய் சார்."

"அது டெமோ மேடம். முடியாதுன்னா சொல்லிடுங்க. முடியறவங்க பயோடேட்டா டிராயர் நிறைய இருக்கு."

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எழுதிக் கொடுத்தேன். என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அப்போது மூடிக் கிடந்தது. அது காரணம்தான், ஆனால் சமாதானம் இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து தடவை கேட்கும். எண்ணோ எழுத்தோ, எதைக் கொடுத்தாலும் வாங்கித் தூர எறியும். கடைசியில் அறுபத்தெட்டு என்று எழுதும். ஃபிளாப்பியில் போட்டு அவர் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். உஸ்மான் ரோடு கூட்டத்தில் ஒருவர் தோளில் லேசாக இடித்தார். நடு ரோட்டில் அவரோடு சண்டைக்கு நின்றேன். அந்த மனிதர் மிரண்டுபோய், "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே போனார். திட்ட வேண்டிய ஆளை விட்டுவிட்டு யாரையோ திட்டினேன்.

5. யாரு எழுதினது?

டெமோவுக்குத் தேவகி, ஜெயந்தி, இன்னும் ஒரு பெண் என்று மூன்று பேர். சுதர்சன் தன் கையாலேயே அந்தப் புரோகிராமை மூன்று மெஷினிலும் ஏற்றினார். ஒத்திகை பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. போர்டைத் துடைப்பது போல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மிஸ், இது என் புரோகிராம் இல்ல" என்றாள் தேவகி.

திரும்பினேன்.

"அஞ்சு தபாவும் நூறு போட்டேன். அறுபத்தெட்டுன்னு வருது. ஜீரோ போட்டேன், அறுபத்தெட்டு. என் பேர அடிச்சேன், அதுக்கும் அறுபத்தெட்டு. எதப் போட்டாலும் அறுபத்தெட்டா? யாரு மிஸ் எழுதினது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான்தான்" என்றேன்.

தேவகி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்களுக்கு வராதுன்னு நீங்களே முடிவு பண்ட்டீங்களா? அந்த ஆளு இன்னா நெனைக்கிறாருன்னு எங்களுக்குத் தெரியும். நீங்களுமா? காலீலருந்து நின்னுக்கினே சட்டை பாத்துட்டு, சோறு துண்ணாம ஓடியாரேன் மிஸ். எதுக்கு? பொம்மையாட்டம் உக்காந்து தட்டறதுக்கா?"

அவள் குரல் நடுங்கியது. அழுகையால் அல்ல, ஆத்திரத்தால். எனக்குத் தெரியும், அதே நடுக்கம் என் குரலிலும் பல மாதமாக இருந்தது. நான் அதைக் கேபின் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போவேன். இவள் நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

ஜெயந்தி மெல்லச் சொன்னாள். "எங்க புரோகிராமே நல்லாத்தான் மிஸ் ஓடுது." அந்த வகுப்பில் அவள் முழுதாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு. உங்க புரோகிராமைத்தான் காட்டப்போறோம்" என்றேன். தேவகி நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

6. சின்ன எல்

மறுநாள் அவரவர் புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். ஜெயந்தி எழுபத்தொன்று என்று போட வேண்டிய இடத்தில், ஏழு அடித்துவிட்டு, ஒன்றுக்குப் பதில் ஆங்கிலச் சின்ன எல் அடித்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. பழைய டைப்ரைட்டர் பலவற்றில் ஒன்றுக்கென்று தனி கீ கிடையாது. சின்ன எல் பார்க்க ஒன்று போலவே இருக்கும், அதைத்தான் அடிக்க வேண்டும். பழகிய கை.

என்டர் தட்டியதும் திரைக்கு வெறி பிடித்தது. மார்க் போடவும், மார்க் போடவும் என்று அந்த ஒரே வரி நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயந்தி ஷாக் அடித்தவள் போல் கையை இழுத்துக்கொண்டாள். எல்லோரும் போட்ட சத்தத்தில் சுதர்சன் ஓடிவந்தார்.

"என்ன வைரஸ் கொண்டாந்தீங்க? யார் ஃபிளாப்பி போட்டது? இதுக்குத்தான் சொன்னேன்!" என்று பிளக்கைப் பிடுங்கினார். யாரும் ஃபிளாப்பி போடவில்லை என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. "இந்த பேட்சுக்கு இனிமே லேப் கிடையாது. டெமோ அன்னிக்கு வந்து உக்காந்தா போதும்." லேபைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜெயந்தி அழுதாள். எனக்கு அவரை என்ன செய்தால் தகும் என்று இருந்தது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று எனக்கு மட்டும் தெரியும். ஒரே ஒரு எழுத்தால் அந்தப் புரோகிராம் ஏன் அப்படி ஓடியது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். நோட்ஸின் பெட்டியில் யாரும் எழுத்து அடித்ததில்லை, அதனால் நானும் அடித்துப் பார்த்ததில்லை.

7. காகிதத் துண்டுகள்

லேப் இல்லாத மறுநாள், பழைய தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். "மெஷின் இல்லாட்டா என்ன, நாமே மெஷினா இருப்போம்" என்றேன். ஜெயந்திதான் டைப் செய்கிறவள். ஒரு துண்டில் ஏழு, அடுத்த துண்டில் எல் என்று எழுதி மேஜையில் வரிசையாக வைத்தாள். தேவகிதான் மார்க் வாங்கும் வரி. அவளுக்கு ஒரே கட்டளை: எண் இருந்தால் எடு, எண் இல்லாததைத் தொடாதே. இன்னொரு பெண் போர்டில் கூட்டல்.

தேவகி ஏழு என்ற துண்டை எடுத்துக் கொடுத்தாள். அடுத்தது எல்.

"இது நம்பர் இல்ல மிஸ். எனக்கு வாணாம்." இருந்த இடத்திலேயே விட்டாள்.

"சரி, அடுத்த மார்க்" என்றேன்.

கையை நீட்டினாள். வரிசையில் முதலில் இருந்தது அதே எல்.

"அடுத்த மார்க்."

மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தினாள்.

"மிஸ்! தப்பு பீஸை ஓரமா தூக்கிப் போடலன்னா திரும்பத் திரும்ப அதுதான் கைக்கு வரும்! மெஷினு அதைத்தான் பண்ணிக்கினு இருந்துச்சு. வைரஸும் இல்ல, ஒண்ணியும் இல்ல!"

வகுப்பே கத்தியது. அந்தத் துண்டை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தாள். கீழே பாத்திரக்கடை வாசலில் விழுந்தது.

அன்று மாலை வீட்டில் கிடந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். அரை வாக்கியத்தில் அதையேதான் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பிரித்ததே இல்லை. மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து புது வழி எழுதினோம். டைப் செய்வதை முதலில் வெறும் எழுத்துகளாக வாங்குவது. ஒவ்வொரு எழுத்தும் எண்தானா என்று பார்ப்பது. மைனஸ் ஒன்றுக்கு மட்டும் விலக்கு. தப்பாக இருந்தால் சொல்லிவிட்டு, அதைக் கழித்துப்போட்டு, மறுபடி கேட்பது. சரியாக இருந்தால் எண்ணாக மாற்றிக் கூட்டிக்கொள்வது. என்ன சொல்லித் திருப்பிக் கேட்பது என்றதற்குத் தேவகி, "இங்லீஷ்ல திட்டினா யாருக்குப் புரியும்? நம்பர் மட்டும் போடுங்கன்னு தமிழ்லயே கேப்போம்" என்றாள். ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதினார்கள். மிச்ச நாள் எல்லாம் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்தோம்.

8. வோல்டேஜ் இல்ல சார்

டெமோ அன்று தேவகி ஷிப்டுக்கு லீவு போட்டாள். மூன்று பேரும் நானும் காலையிலேயே போய்விட்டோம். கூட்டிப் பெருக்குவதற்காக லேபைத் திறந்திருந்தார்கள். மூன்று மெஷினிலும் என்னுடைய புரோகிராமை நானே அழித்தேன். அவர்கள் நோட்டைப் பார்த்துத் தங்களுடையதை அடித்தார்கள். வரிக் கடைசியில் விட்டுப்போன அரைப்புள்ளிகளையெல்லாம் தேடிப் போட்டு முடிக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

டிரஸ்ட்டிலிருந்து வயதான அம்மாள் ஒருவரும், சஃபாரி சூட் போட்ட ஒருவரும் வந்தார்கள். சுதர்சன் சிரித்த முகத்தோடு தேவகியின் மெஷினைக் காட்டினார். திரையைப் பார்த்ததும் அது தான் ஏற்றிய புரோகிராம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை.

சஃபாரி சூட்காரர் நாலைந்து மார்க் போட்டார். பிறகு வேண்டுமென்றே தன் பெயரை அடித்தார். ‘நம்பர் மட்டும் போடுங்க’ என்றது திரை. சிரித்துக்கொண்டே ஒரு கேள்விக்குறி அடித்தார். மறுபடியும் அதையே சொன்னது. எண் போட்டார், வாங்கிக்கொண்டது. மைனஸ் ஒன்று போட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையிலேயே கூட்டி, வகுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இதெல்லாம் நம்ம சிலபஸ்லயே இருக்கு சார்" என்றார் சுதர்சன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மாள் ஜெயந்தியின் மெஷின் முன் உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் மைனஸ் ஒன்று போட்டார். ஒரு மார்க்கும் போடாமல் நிறுத்துவதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. திரையில் ஏதோ ஒரு பிழைச் செய்தி வந்து புரோகிராம் செத்துப்போனது.

"வோல்டேஜ் ப்ராப்ளம் மேடம், இந்த ஏரியாவுல எப்பவும்..." என்று சுதர்சன் ஆரம்பித்தார்.

"வோல்டேஜ் இல்ல சார்."

ஜெயந்தி எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த அம்மாளைப் பார்த்தே பேசினாள். "நீங்க ஒரு மார்க்கும் போடலம்மா. எத்தனை மார்க்குன்னு எண்ணி வெக்கற இடத்துல ஜீரோ இருக்கு. அந்த ஜீரோவால வகுக்கச் சொல்லியிருக்கேன். அது முடியாதில்ல, அதான் நின்னுடுச்சு. பாக்காம விட்டது என் தப்பு. அஞ்சு நிமிஷம் குடுத்தீங்கன்னா சரி பண்ணிடுவேன்."

"பண்ணும்மா" என்று அந்த அம்மாள் எழுந்து இடம் விட்டார். போகவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மார்க்காவது வந்திருந்தால்தான் வகுக்க வேண்டும் என்று இரண்டு வரி. மறுபடி மைனஸ் ஒன்று போட்டுப் பார்த்தார். மார்க் எதுவும் போடவில்லை என்று திரை சொன்னது.

"யாரும்மா சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"பாதி மிஸ், பாதி தேவகி" என்றாள் ஜெயந்தி.

9. அதற்கப்புறம்

அடுத்த நாள் காலை, நாளை முதல் வர வேண்டாம் என்று சுதர்சன் சொன்னார். கத்தவில்லை. "உங்க கோபத்துக்கு இந்த ஃபீல்டு சரிப்படாது மேடம்" என்று அனுதாபமாகச் சொன்னார். அந்த அனுதாபத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. டிரஸ்ட்டின் அடுத்த பேட்சுகள் அவருக்கே கிடைத்தன. தேவகியும் ஜெயந்தியும் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் போட்டோவைச் சென்டர் நோட்டீஸில் அச்சடித்துத் தெருத் தெருவாகக் கொடுத்தார். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டுக்கு எனக்கு ஃபோன் வந்தது. சுதர்சன்தான்.

"என்ன மேடம் சொல்லிக்குடுத்து வெச்சிருக்கீங்க? புதுசா வந்தவரு போர்டுல எழுதினா யாரும் காப்பி பண்ண மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன்னு கேக்கறாங்க. அந்த தேவகி, பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுது. அவரு நின்னுட்டாரு. இந்த பேட்சை மட்டும் வந்து முடிச்சுக் குடுத்துடுங்க."

மற்ற பேட்சுகளுக்குக் கொடுக்கும் லேப் நேரம் முழுக்க இவர்களுக்கும் வேண்டும், நோட்ஸ் வகுப்புக்குள் வரக்கூடாது, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். சரி என்றார். போய் முடித்துக் கொடுத்தேன். கடைசி நாள் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினேன்.

தேவகியின் கம்பெனியில் ஸ்டாக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, செக்கிங் மேஜையிலிருந்து அவள் அந்த அறைக்குப் போனாள். சிபாரிசு எதுவும் இல்லை. அங்கே புரோகிராம் போட வந்தவரிடம் அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டுவிட்டு மேனேஜரே கூப்பிட்டுக்கொண்டார். ஜெயந்தி அடையாறில் ஒரு ஆபீஸில் சேர்ந்தாள். நான் அதன்பின் பல இடங்களில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன்.

புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாணவர் தப்பாக எழுதினால் அதைத் தப்பாகவே ஓடவிடுங்கள், ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். உங்களுக்குத் தெரியாதது வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், வைரஸ் என்றோ வோல்டேஜ் என்றோ சொல்லாதீர்கள். ‘இவங்களுக்கு இது போதும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே, அந்த நிமிடமே கோபப்படுங்கள். என்னைப் போல் ரோட்டில் போகிறவரிடம் கோபப்படாதீர்கள்.

சுதர்சன் மேல் இருந்த கோபம் வயதாக ஆகக் கொஞ்சம் ஆறிவிட்டது. அவருக்குப் புரோகிராமும் தெரியாது, அந்தப் பெண்களையும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். என் மேல் இருக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் வகுப்புக்குப் போனேன்.